ஐவரில் மூவர் வந்தால் திறக்கும் பூட்டு

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குப் பூட்டு என்றால் தனிப் பெருமை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. நான் கணக்குச் சொல்லித்தருவது மேல்பழனி மலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைவிக்கிற வீடுகளிலிருந்துதான் எங்கள் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுடன் சேர்ந்து சில ஆண்டுகளாக ஒரு பூட்டுக் கணக்கைச் செய்து பார்த்து வருகிறேன். அதற்கு இரும்பு தேவையில்லை, கரும்பலகையும் சில காகிதச் சீட்டுகளும் போதும். பத்தாம் வகுப்புப் பாடத்தை நேராகத் தொடுகிற கணக்கு இது. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஏற்ற எளிய வடிவமும் இதற்கு உண்டு என்பதால் இங்கே பகிர்கிறேன்.

கேள்வி நாம் எல்லோரும் அறிந்ததுதான். பள்ளி பீரோவின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்? ஒருவரிடம் மட்டும் கொடுத்தால், அவர் விடுப்பில் போன அன்று பீரோ திறக்காது. எல்லோரிடமும் ஒவ்வொன்று கொடுத்தால் பூட்டே வேண்டியதில்லை. மலையில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுதல். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலைக் கடந்தபோது மரங்கள் விழுந்து மலைச்சாலைகள் அடைபட்டன, மின்சாரமும் போனது. சாவி வைத்திருப்பவர் வத்தலக்குண்டிலும் பீரோ மலைமேலும் இருந்தால், அந்த நாள்களில் இரண்டுக்கும் நடுவே தாண்ட முடியாத தூரம்.

அரசு நடைமுறையில் இதற்குப் பழைய பதில் இரட்டைப் பூட்டு. கருவூலத்தின் காப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவு, இரண்டு பூட்டு, சாவிகள் இரண்டு அலுவலர்களிடம். ஒருவர் மட்டும் தனியாக உள்ளே போக முடியாது. திருட்டுக்கு எதிராக இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கு ஆசிரியராகப் பார்த்தால் இதில் ஒரு விலை இருக்கிறது. ஒரு சாவி தொலைந்தாலே எல்லாம் நின்றுவிடும் என்றால், சாவிகளின் எண்ணிக்கை கூடக்கூட நின்றுபோகும் வாய்ப்பும் கூடுகிறது. திருட்டைத் தடுப்பதும் தொலைவைத் தாங்குவதும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன.

தொலைவு எவ்வளவு பெரிய இடத்திலும் நடக்கும் என்பதற்குப் பூரி ஜெகந்நாதர் கோயிலின் ரத்ன பண்டாரம் சாட்சி. 2018 ஏப்ரலில் ஆய்வுக்குப் போனவர்களால் உள்ளறையைத் திறக்க முடியவில்லை, சாவியைக் காணவில்லை. சில மாதங்களில் மாற்றுச் சாவிகள் உள்ள உறை ஒன்று கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. 2024 ஜூலையில் திறக்கப் போனபோது அந்தச் சாவிகளும் பூட்டுகளுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் பூட்டுகளை அறுத்துத்தான் உள்ளே போனார்கள்.

இரும்புப் பூட்டை அறுக்க முடிந்தது. நம் கைப்பேசியையும் வங்கிக் கணக்கையும் காக்கிற மறையாக்கப் பூட்டை அறுக்க முடியாது. அதன் சாவி ஒரு நீண்ட எண். அந்த எண் போய்விட்டால் போனதுதான், வந்து திறந்துகொடுக்கப் பூட்டுக்காரர் யாரும் கிடையாது. 2018 டிசம்பரில் கனடாவைச் சேர்ந்த ஜெரால்டு காட்டன் என்பவர் ஜெய்ப்பூரில் நோயுற்று இறந்தார். குவாட்ரிகா என்ற மின்னணு நாணயப் பரிமாற்று நிறுவனத்தின் தலைவர் அவர். வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டிய தொகை சுமார் 25 கோடி கனடா டாலர் என்றும், பணப்பைகளின் ரகசியச் சாவிகள் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றும் நிறுவனத்தின் சார்பில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. பின்னர் நடந்த விசாரணையில், அந்தப் பணப்பைகள் ஏற்கெனவே பெரும்பாலும் காலியாக இருந்ததும் காட்டன் செய்த மோசடியும் வெளிவந்தன. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் முதல் பாதியைவிட இரண்டாம் பாதிதான் முக்கியம். ஒருவரிடம் மட்டும் சாவி இருந்தால், அவர் போன பிறகு திறக்க முடியாது என்பது ஒரு சிக்கல். அவர் இருக்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று வேறு யாராலும் பார்க்க முடியாது என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

அப்படியானால் நமக்கு வேண்டியது என்ன? ஐந்து பேரிடம் ரகசியத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவர்களில் எந்த மூவர் சேர்ந்தாலும் ரகசியம் திரும்பக் கிடைக்க வேண்டும். இருவர் சேர்ந்தால் ஒன்றுமே தெரியக் கூடாது.

வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் முதலில் சொல்வது, எண்ணை வெட்டிக் கொடுக்கலாம் என்பதுதான். ஆறு இலக்கக் கடவுச்சொல்லை இரண்டிரண்டு இலக்கமாக மூவருக்குக் கொடுப்பது. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியாள் ஒருவர் தேட வேண்டியவை பத்து லட்சம் எண்கள். ஒரு துண்டு வைத்திருப்பவர் தேட வேண்டியவை பத்தாயிரம். இருவர் சேர்ந்துவிட்டால் நூறே நூறு, அரை மணி நேர வேலை. துண்டு ஒவ்வொன்றும் ரகசியத்தின் ஒரு பகுதியைக் கசியவிடுகிறது. அதோடு, ஒரு துண்டு தொலைந்தாலும் முழு எண் இல்லை. வெட்டுவதில் இரண்டு பக்கமும் நட்டம்.

தொடக்கப் பள்ளிக்கு ஒரு செயல்பாடு

வெட்டாமல் பிரிப்பது எப்படி என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் காட்டிவிடலாம். ரகசியம் ஓர் இலக்கம், 7 என்று வைத்துக்கொள்வோம். முதல் சீட்டிலும் இரண்டாம் சீட்டிலும் மனம்போன போக்கில் ஏதாவது இரண்டு இலக்கங்களை எழுதுங்கள், 4 என்றும் 9 என்றும். கூட்டினால் 13. மூன்றாம் சீட்டில், மொத்தக் கூட்டலின் ஒன்றுகள் இடத்தில் 7 வரும்படி ஓர் இலக்கம் வேண்டும். 4 எழுதினால் 17, ஒன்றுகள் இடத்தில் 7. மூன்று சீட்டையும் மூன்று பிள்ளைகளிடம் கொடுங்கள். மூவரும் கூட்டிப் பார்த்தால் ரகசியம் கிடைக்கும். இருவர் மட்டும் சேர்ந்து 4, 9 என்று பார்த்தால், மூன்றாவது சீட்டில் 0 முதல் 9 வரை எதுவும் இருக்கலாம். ஆகவே ரகசியமும் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். அவர்கள் வெளியாளைவிட ஒரு துளியும் முன்னேறவில்லை.

வெட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் விளையாட்டிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். மறுநாள் சீட்டு வைத்திருக்கும் பிள்ளை ஒன்று வராமல் போனால் இன்னும் நல்லது. பூண்டு பிடுங்கும் காலத்தில் எங்கள் பள்ளியில் அதற்குக் குறைவே இல்லை. ரகசியம் அடைந்துபோகும். மூவரில் மூவர் என்ற ஏற்பாடு திருட்டைத் தடுக்கிறது, தொலைவைத் தாங்கவில்லை என்பதை வராத பிள்ளையே கற்பித்துவிடும்.

ஐவரில் மூவர் என்பதை இரும்புப் பூட்டாலேயே செய்யலாமா? செய்யலாம், ஆனால் பாருங்கள். எந்த இருவர் சேர்ந்தாலும் அவர்களால் திறக்க முடியாத பூட்டு ஒன்றாவது இருக்க வேண்டும். ஐவரில் இருவரைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழிகள், ஆகவே பத்துப் பூட்டுகள். ஒவ்வொருவரும் ஆறு சாவிகளைச் சுமக்க வேண்டும். பதினொரு பேரில் ஆறு பேர் என்றால் 462 பூட்டுகள், ஆளுக்கு 252 சாவிகள். இந்தப் பதினொரு பேர் கணக்கு ஒரு சேர்மானக் கணிதப் பாடநூலில் பயிற்சியாக வந்தது. அதையே எடுத்துக்காட்டாக முன்வைத்துத்தான் 1979 நவம்பரில் ஆதி ஷமீர் என்ற இஸ்ரேலிய அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். அச்சில் இரண்டே பக்கம். ஆர்எஸ்ஏ என்ற புகழ்பெற்ற மறையாக்க முறையின் நடு எழுத்து இவர் பெயரைக் குறிப்பது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் பிளேக்லி என்பவரும் தனியாக இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டார். அவருடையது வடிவியல் வழி. இரண்டு சுவர்களும் தரையும் சந்திக்கும் மூலைதான் ரகசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தளங்கள் தெரிந்தால் ஒரு கோடு கிடைக்கும், மூன்றாவதும் தெரிந்தால்தான் புள்ளி கிடைக்கும். ஷமீரின் வழி நம் பாடநூலுக்கு இன்னும் நெருக்கமானது.

நேர்கோட்டில் ஒளிந்திருக்கும் எண்

முதலில் ஐவரில் இருவர் போதும் என்று எளிதாக வைத்துக்கொள்வோம். நான் வகுப்பில் ஒரு சிறு பெட்டியை மூன்று இலக்க எண்பூட்டால் பூட்டி மேசைமேல் வைப்பேன். உள்ளே கடலைமிட்டாய் இருக்கும். பூட்டின் எண் 412 என்க. இப்போது 412-இல் தொடங்கி ஒவ்வோர் அடிக்கும் ஒரே அளவு ஏறுகிற நேர்கோடு ஒன்றை எண்ணிக்கொள்கிறேன். ஏற்றம் 35. முதல் சீட்டில் 412 + 35 = 447. அடுத்தவற்றில் 482, 517, 552, 587. ஒவ்வொரு சீட்டிலும் அதன் வரிசை எண்ணும் இந்த மதிப்பும் இருக்கும். ஐந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிடுவேன்.

இரண்டாம் சீட்டும் ஐந்தாம் சீட்டும் சேர்ந்தால் என்ன நடக்கிறது? மூன்று அடிக்கு 587 − 482 = 105 ஏறியிருக்கிறது. ஓர் அடிக்கு 35. இரண்டாம் சீட்டிலிருந்து இரண்டு அடி பின்னால் போனால் 482 − 70 = 412. பெட்டி திறந்துவிடும். இரண்டு புள்ளிகள் தெரிந்தால் நேர்கோட்டின் சமன்பாட்டைக் காண்பதும் அது செங்குத்து அச்சை வெட்டும் இடத்தைக் காண்பதும் பத்தாம் வகுப்பில் நாம் வழக்கமாகத் தருகிற கணக்குகள்தான். பயிற்சிக் கணக்காகத் தந்தபோது அதைத் தவிர்க்கப் பார்த்தவர்கள், மிட்டாய்ப் பெட்டி முன்னால் இருக்கும்போது கேட்காமலே செய்கிறார்கள்.

ஒரு சீட்டு மட்டும் இருப்பவர்? ஒரு புள்ளி வழியாக எண்ணற்ற கோடுகள் போகும், ஆகவே எதுவும் தெரியாது என்று நாம் சொல்லிவிடுவோம். இங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும். ஐந்தாம் சீட்டு வைத்திருந்த ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள்: “ஏற்றம் முழு எண்தானே சார்? அப்ப என் 587-லருந்து அஞ்சோட மடங்கைத்தான கழிக்கணும்? கடைசி இலக்கம் ரெண்டு இல்லன்னா ஏழுதான்.” சரியாகப் பிடித்தாள். இரண்டாம் சீட்டுக்காரருக்கு ரகசியம் இரட்டை எண் என்பது தெரிந்துவிடுகிறது. நான்காம் சீட்டுக்காரருக்கு அது நான்கால் வகுபடும் என்பது தெரிகிறது. ஏற்றம் மிகை எண் என்று ஊகித்தால், ரகசியம் 447-ஐவிடச் சிறியது என்பது முதல் சீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடும். இந்த ஓட்டையை நான் முன்கூட்டிச் சொல்வதில்லை, யாராவது ஒருவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பேன். நீங்களும் காத்திருங்கள்.

ஓட்டையை அடைப்பதற்கான பசை பத்தாம் வகுப்பின் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்திலேயே இருக்கிறது. அது மட்டு எண்கணிதம். கடிகாரத்தில் 12-ஐத் தாண்டினால் மறுபடி 1 வருவதுபோல, 1009-ஐ எட்டினால் அல்லது தாண்டினால் 1009-ஐக் கழித்துவிட வேண்டும் என்று விதி வைக்கிறோம். ஏன் 1009? அது பகா எண், நம் பூட்டின் எல்லா எண்களையும்விடப் பெரியது. இப்போது ஏற்றத்தை 635 என்று எடுப்போம். முதல் சீட்டு 412 + 635 = 1047, கழித்தால் 38. அடுத்தவை 673, 299, 934, 560. ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன, கோடு என்றே அடையாளம் தெரியாது.

முதல் சீட்டும் மூன்றாம் சீட்டும் சேரட்டும். இரண்டு அடிக்கு 299 − 38 = 261 ஏற்றம். 261-ஐ இரண்டால் வகுத்தால் முழு எண் வராதே என்று பிள்ளைகள் நிற்பார்கள். நம் கடிகாரத்தில் 261-ம் 261 + 1009 = 1270-ம் ஒன்றுதான். 1270-இல் பாதி 635. 38 − 635 = −597, 1009-ஐச் சேர்த்தால் 412. பகா எண்ணை எடுத்ததன் பயன் இதுதான். சுழியம் தவிர எந்த எண்ணாலும் எப்போதும் வகுக்க முடியும்.

இப்போது இரண்டாம் சீட்டுக்காரரிடம் 673 மட்டும் இருக்கிறது. ரகசியம் 100-ஆக இருக்குமோ என்று சோதிக்கிறார். ஏற்றம் 791 என்றால் அதுவும் பொருந்துகிறது: 100 + 791 + 791 = 1682, கழித்தால் 673. வேறு எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்குப் பொருந்துகிற ஏற்றம் ஒன்று, சரியாக ஒன்றே ஒன்று, இருக்கும். எந்த எண்ணும் மற்றதைவிட அதிக வாய்ப்புள்ளதாக இல்லை. மற்ற பல மறையாக்க முறைகளில் ‘கண்டுபிடிக்க மிக நீண்ட காலம் ஆகும்’ என்பதுதான் பாதுகாப்பு. இங்கே எவ்வளவு வேகமான கணினி வந்தாலும் ஒரு சீட்டிலிருந்து எதுவும் வராது, ஏனென்றால் சீட்டில் எதுவும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சிலிர்ப்பு உண்டு.

மூவர் வேண்டும் என்றால்

நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும். பரவளையத்துக்கு மூன்று வேண்டும். அவ்வளவுதான் ஷமீரின் எண்ணம். நான்கு பேர் வேண்டுமென்றால் முப்படிப் பல்லுறுப்புக்கோவை, இப்படியே மேலே போகலாம்.

வகுப்புக்குச் சாதாரண எண்களிலேயே செய்வோம். வரிசை எண்ணை 20-ஆல் பெருக்கி, அதன் வர்க்கத்தை 3-ஆல் பெருக்கி, இரண்டையும் 412-உடன் கூட்டுகிறோம். ஐந்து சீட்டுகள்: 435, 464, 499, 540, 587. முதல், மூன்றாம், ஐந்தாம் சீட்டுகள் வந்திருக்கின்றன என்க. ரகசியத்தை ர என்றும், 20, 3 இருக்கும் இடங்களைச் ச, வ என்றும் எழுதினால்:

ர + ச + வ = 435
ர + 3ச + 9வ = 499
ர + 5ச + 25வ = 587

முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்துச் சுருக்கினால் ச + 4வ = 32. இரண்டாவதை மூன்றாவதிலிருந்து கழித்துச் சுருக்கினால் ச + 8வ = 44. வ = 3, ச = 20, ர = 412. மூன்று மாறிகளில் அமைந்த ஒருங்கமை நேரியச் சமன்பாடுகளைப் பத்தாம் வகுப்பில் நடத்தும்போது “இது எதுக்கு சார் உதவும்?” என்று கேட்காத வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை. இப்போது அதற்கு ஒரு பெட்டி நிறையப் பதில் இருக்கிறது.

எட்டாம் வகுப்புக்குச் சமன்பாடு இல்லாமலும் காட்டலாம். அடுத்தடுத்த மூன்று சீட்டுகள் கிடைத்தால் வேறுபாடுகளை எழுதச் சொல்லுங்கள். 435, 464, 499 என்றால் 29, 35. அவற்றின் வேறுபாடு 6. பின்னோக்கிப் போனால் 29-க்கு முன்னால் 23, 435-க்கு முன்னால் 412. இப்படி இரண்டாம் வேறுபாட்டைக் கொண்டு இடைமதிப்புக் காணும் முறையைப் பிரம்மகுப்தர் 665-இல் எழுதிய கண்டகாத்யகத்திலேயே சைன் அட்டவணைக்குப் பயன்படுத்தியிருக்கிறார். அவர் தேடியது கோள்களின் இடம், நாம் தேடுவது மிட்டாய்.

இது வகுப்பறை விளையாட்டோடு நிற்கவில்லை. நாம் இணையதளத்தின் பெயரைத் தட்டும்போது, அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது இணையத்தின் பெயர்ப் பதிவேடு. அதில் யாரும் போலி முகவரியைச் செருகிவிடாமல் இருக்க, 2010 ஜூலையிலிருந்து அதன் உச்சிப் பகுதி மின்னணுக் கையொப்பம் இடப்படுகிறது. அந்தக் கையொப்பச் சாவி அமெரிக்காவில் இரண்டு இடங்களில் காப்பறைகளுக்குள் இருக்கிறது. அங்குள்ள கருவிகள் எல்லாமே அழிந்துபோனால்? சாவியின் நகல் ஒன்று பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நகலைத் திறக்கும் ரகசியம் ஏழு பேரிடம் பங்காகப் பிரிக்கப்பட்டது. அவர்களில் எந்த ஐந்து பேர் கூடினாலும் போதும். தொடக்கத்தில் பொறுப்பேற்ற ஏழு பேரும் ஏழு நாடுகளைச் சேர்ந்தவர்கள். சீனாவும் கனடாவும் டிரினிடாடும் புர்கினா பாசோவும் அதில் உண்டு. ஏழில் இருவர் பங்கைத் தொலைத்தாலும் கவலையில்லை, நால்வர் கூடிச் சதி செய்தாலும் கவலையில்லை.

சீட்டு பொய் சொன்னால்

ஒரு நாள் ஒரு பிள்ளை தன் சீட்டில் இருந்த 517-ஐ 571 என்று படித்துவிட்டான். கணக்குப் போட்டு ஓர் எண்ணும் வந்தது, பூட்டு மட்டும் திறக்கவில்லை. இந்த முறையின் பெரிய குறை இது. தவறான பங்கைக் கொடுத்தால் தவறான விடை அமைதியாக வந்து நிற்கும், எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. வேண்டுமென்றே பொய் சொல்கிறவரும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆனால் கூடுதல் சீட்டுகள் கையில் இருந்தால் வழி பிறக்கும். நேர்கோட்டு ஏற்பாட்டில் மூன்று சீட்டுகள் ஒரே கோட்டில் அமையாவிட்டால், எங்கோ தவறு இருக்கிறது என்று தெரியும். எந்தச் சீட்டில் என்பது தெரியாது. நான்கு சீட்டுகள் இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் தவறு என்றால், மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நின்று தவறியதைக் காட்டிக்கொடுத்துவிடும். புள்ளிகளை வரைபடத்தாளில் குறிக்கச் சொன்னால், கணக்கில் மெதுவான பிள்ளைகூடத் தவறான புள்ளியை விரலால் தொட்டுக் காட்டும்.

இதே எண்ணத்தை 1960-இல் ரீட், சாலமன் என்ற இருவர் செய்திகளில் நேரும் பிழைகளைத் திருத்தப் பயன்படுத்தியிருந்தார்கள். ரகசியப் பங்கீடும் அந்தப் பிழைதிருத்தமும் ஒரே மரத்தின் கிளைகள் என்று 1981-இல் மெக்எலீஸ், திலீப் சர்வதே ஆகிய இருவர் எழுதிக் காட்டினர். ரீட்-சாலமன் முறை நம் கையிலேயே இருக்கிறது, பாடநூல்களில் அச்சாகும் கியூஆர் கோடாக. அதன் மூலையில் மை கொட்டினாலும், சிறு கிழிசல் விழுந்தாலும் கைப்பேசி அதைப் படித்துவிடுகிறதே, எப்படி என்று வகுப்பில் கேளுங்கள். உயர்ந்த திருத்த நிலையில் அச்சிட்டால், சுமார் 30 விழுக்காடு வரை சேதத்தைத் தாங்கும். பழைய பாடநூல் ஒன்றில் கியூஆர் கோடின் மேல் துண்டுக் காகிதங்களை ஒட்டி ஒட்டி, எப்போது படிக்க மறுக்கிறது என்று பிள்ளைகள் சோதிக்கலாம். மூன்று மூலைகளில் உள்ள பெரிய கட்டங்களை மட்டும் மறைக்கக் கூடாது. கோடு எங்கே இருக்கிறது என்று கைப்பேசி அடையாளம் காண்பதே அவற்றை வைத்துத்தான்.

பயன்படுத்தும்போது இன்னும் சில செய்திகள் முக்கியம். பங்குகளைப் பிரித்துக் கொடுப்பவருக்கு முழு ரகசியமும் தெரியும், ஆகவே அவர் கணக்குப் போட்ட தாள் கிழிக்கப்பட வேண்டும். மூவர் கூடி ஒருமுறை திறந்துவிட்டால் அந்த எண் மூவருக்கும் தெரிந்துவிட்டது, பூட்டின் எண்ணை மாற்றிவிட வேண்டும். நமக்கு மிகவும் பழக்கமான இன்னொரு சிக்கல் மாறுதல் கலந்தாய்வு. பங்கு வைத்திருந்தவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டால்? பூட்டின் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. அதே 412-இல் தொடங்கும் வேறொரு கோட்டையோ வளையத்தையோ எடுத்து, புதிய சீட்டுகளைக் கொடுத்து, பழையவற்றை வாங்கிக் கிழித்துவிட்டால் போதும். போனவர் கையில் பழைய சீட்டு இருந்தாலும் புதியவற்றோடு அது சேராது.

இதைப் படித்துவிட்டு யாரும் பள்ளியின் எமிஸ் கடவுச்சொல்லைப் பரவளையத்தில் ஏற்ற வேண்டாம். அலுவலகக் கடவுச்சொல்லுக்குத் துறையின் நெறிமுறைகள் இருக்கின்றன. ஓடிபியை எந்த வடிவத்திலும் யாரோடும் பங்கிடக் கூடாது. உண்மையான பயன்பாட்டில் எண்கள் மூன்று இலக்கமாக இருக்காது, எழுபது எண்பது இலக்கங்கள் வரை போகும். கோட்டின் ஏற்றத்தையும் மனம்போன போக்கில் மனிதர் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், அதற்கென உள்ள மென்பொருள் தேர்ந்தெடுக்கும். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

மாறாக, ஏற்பாட்டை வடிவமைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் தாராளமாக விடலாம். தலைமையாசிரியர் இருந்தால் உடன் ஓர் ஆசிரியர் போதும், அவர் இல்லாவிட்டால் மூன்று ஆசிரியர்கள் வேண்டும், இதை எப்படிச் செய்வது என்று ஒருமுறை கேட்டேன். பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: “ஹெச்எம் சாருக்கு ரெண்டு சீட்டு குடுத்துருங்க.” அவ்வளவேதான். பரவளையத்தில் இரண்டு புள்ளிகள் அவரிடம், மற்றவர்களிடம் ஒவ்வொன்று.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு கேள்வி. மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஐந்து ஊர்ப் பிள்ளைகளிடம் ஐந்து சீட்டுகள். பெட்டி இருப்பது மன்னவனூரில் என்று வைத்துக்கொண்டோம். மூவர் போதும், இருவர் வராவிட்டாலும் பரவாயில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பூண்டிப் பிள்ளை எழுந்தான். மழையில் மன்னவனூருக்கு அப்பால் மரம் விழுந்தால் கவுஞ்சி, பூண்டி, கிளாவரை மூன்று ஊரும் சேர்ந்தே வராது, ஒரே சாலை, ஒரே பேருந்து என்றான். ஐந்தில் இருவர் தனித்தனியாக வராமல் போவதைத்தான் கணக்கு எண்ணுகிறது. சாலையோ மூவரை ஒரே நாளில் நிறுத்திவிடும்.

மன்னவனூர்ப் பிள்ளைக்கே இரண்டு சீட்டு கொடுத்துவிடலாம் என்றது ஒரு கட்சி. அப்படிக் கொடுத்தால் அவனும் இன்னொருவனும் மட்டும் சேர்ந்து மிட்டாயைத் தின்றுவிடுவார்கள் என்றது எதிர்க் கட்சி. கால் மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் கொடைக்கானல் பக்கத்திலிருந்து வருகிற பூம்பாறைப் பிள்ளைக்கு ஆறாவது சீட்டு என்று முடிவாயிற்று. பழைய ஐந்து சீட்டுகளை மாற்ற வேண்டியதில்லை, அதே பரவளையத்தில் இன்னொரு புள்ளி போதும். 412-உடன் 120, அதனுடன் 108. சீட்டில் 6 என்றும் 640 என்றும் எழுதி மடித்து அவள் கையில் கொடுத்தேன்.